பாய் வீட்டுத் தண்ணீர்

தாமரைக்குட்டை, ஆம்பூர் வழி
9 பிப்ரவரி 2025

ஹீனா,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு கான்பூரிலிருந்து நீ எனக்குச் செருப்பு அனுப்பினாயே, அந்தப் பார்சல் அட்டையில் உன் முகவரி இருந்தது. அந்த அட்டையை ஏன் பத்திரமாக வைத்திருந்தேன் என்று கேட்காதே.

குடியரசு தினத்தன்று கிராம சபையில் நான் பேசியது அன்றைக்கே உன் காதுக்கு வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். அம்மா உன் அப்பாவின் யூனிட்டில்தான் இன்னும் இருக்கிறாள், அதே ஜன்னலோர மெஷினில், ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டு. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளும் உன் அப்பா, "ஜோதிம்மா, டீ குடிச்சீங்களா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் ஊர்க் கிணறுகள் நாம் பிறப்பதற்கு முன்பே உப்பாகிவிட்டன. மலையடிவாரத்தில் உங்கள் நிலத்து போர்வெல் தண்ணீரை உன் அப்பா தினமும் டேங்கரில் அனுப்புகிறார். ஒருவரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அதனால் ஒவ்வொரு கிராம சபையிலும் முதல் தீர்மானம் அவருக்கு நன்றி சொல்வது. தலைவர் கோதண்டபாணி வாசிப்பார், நாங்கள் கைதட்டுவோம், கையெழுத்துப் போடுவோம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். வார்டு உறுப்பினர் ஆன நாளிலிருந்து நானும் கைதட்டியிருக்கிறேன்.

இந்த முறை எழுந்து, இந்தத் தீர்மானத்தை விட்டுவிடலாம் என்றேன். மெயின் ரோடு வரை வந்து நிற்கும் காவிரிக் குடிநீர்க் குழாயை நம் தொட்டிக்கு இழுப்போம், ஆளுக்குக் கொஞ்சம் வரி கட்டுவோம் என்றேன். ஏன் என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். மைக் செட் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது, அதனால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் அது உன் அப்பாவுக்கு எதிராகச் சொன்னதில்லை. அதை நீயாவது நம்ப வேண்டும்.

சோபனா


கான்பூர்
21 பிப்ரவரி 2025

மெம்பர் அம்மா அவர்களுக்கு,

தமிழில் எழுதி ரொம்ப நாளாகிறது. பிழை இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டாம், நீ அப்படிச் செய்யக்கூடியவள்.

அந்தச் செருப்பு என் மாமனார் பட்டறையில் செய்தது. அதையும் சுத்தமில்லை என்று தூக்கிப் போட்டிருக்கலாமே.

"பாய் வீட்டுத் தண்ணி சுத்தம் இல்ல." இதுதானே நீ சொன்ன ஒரே ஒரு வாக்கியம்? மைக்கில், ஊர் முழுக்கக் கேட்கும்படி? திரும்பப் பெற மாட்டாயாம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி என் பாட்டிலில் வாய் வைக்க மாட்டேன் என்றாள். ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சும்மா இருந்தார்கள். நீ கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அதை வாங்கி மடமடவென்று குடித்து, காலி பாட்டிலை அவள் மேஜையில் வைத்தாய். எனக்கே ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்குத்தான் நாம் தோஸ்த் ஆனோம். அந்த வாய்தான் இப்போது இதைச் சொல்லியிருக்கிறது.

அப்பாஜானுக்கு போன் செய்து அழுதேன். அவர் அழவில்லை. "விடு பேட்டா, டேங்கரை உள்ளே இறங்கித் தேச்சுக் கழுவச் சொல்லிட்டேன். மூடியும் புதுசு மாத்தியாச்சு. அவங்க சொன்னதுல இன்னா தப்பு, குடிக்கிற தண்ணி" என்றார்.

அவ்வளவுதான் அவர். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேங்கரைக் கழுவினார்.

ஹீனா


தாமரைக்குட்டை
3 மார்ச் 2025

ஹீனா,

சுத்தம் இல்லை. சொந்தம். "பாய் வீட்டுத் தண்ணி நமக்குச் சொந்தம் இல்ல" என்றுதான் சொன்னேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரி தொடக்கத்தில் டேங்கர் பளபளவென்று வந்து நின்றபோது, பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஊரில் ஏன் சிலர் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள், ஏன் வேறு சிலர் இதுவரை இல்லாத நெருக்கத்தோடு "நல்லா குடுத்த மெம்பரு" என்கிறார்கள் என்பதும் இப்போதுதான் புரிகிறது. அந்த இரண்டாவது வகை ஆட்களை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உடனே யூனிட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னேன். கோதண்டபாணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனேன். "மைக் செட்டு அவ்ளோதான் பாய், எனக்கே ரெண்டு விதமா கேட்டுச்சு" என்றார் அவர். "அப்ப ரெண்டையும் கேட்டுட்டு நீ சும்மா இருந்தியா தலைவரே?" என்றார் உன் அப்பா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொந்தமா?" என்றார். "ஆமாங்க." கொஞ்ச நேரம் ஒரு தோல் துண்டை விரலில் மடித்துக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்றார். அந்த "சரிம்மா" மன்னிப்பா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை.

இனி உனக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உன் கல்யாணம் நடந்த நாள்களில் எங்கள் ஊருக்கு டேங்கர் வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் நின்றது, சமையலுக்கும் கை கழுவவும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் பார்த்தேன். ஊரில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். கோபமாக இல்லை. "பாய் வீட்டுக் கல்யாணம், இல்லன்னா வராம இருக்குமா?" என்று சிரித்துக்கொண்டு, உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க என்ன உரிமை? சும்மா கொடுப்பவரிடம் ஏன் கொடுக்கவில்லை என்று யார் கேட்பது?

உன் அப்பா மறந்திருப்பார், அல்லது டிரைவர் கேட்டிருக்க மாட்டான். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கெட்டவன் ஒருவன் தண்ணீரை நிறுத்தினால் நாங்கள் சாலை மறித்திருப்போம். நல்லவர் நிறுத்தினால் சிரிக்கத்தான் முடிகிறது.

இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே ரோமில் சிலர் இதை யோசித்திருக்கிறார்கள். சவுக்கை எடுக்காத எஜமானனின் அடிமை, சுதந்திரமானவனா? அவனை யாரும் அடிப்பதில்லை, தடுப்பதில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் எஜமானனின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறான். அந்தப் பார்வைதான் அடிமைத்தனம் என்றார்கள். படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். தொலைவில் டேங்கர் வருகிறதா என்று ஊரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குடியரசு என்ற சொல்லை எத்தனை வருடம் கொடியேற்றி மிட்டாய் வாங்கும் நாளாகவே நினைத்திருந்தேன். யாருடைய முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் குடிப்பதுதான் அது என்று இப்போது தோன்றுகிறது. இவ்வளவு சின்ன விஷயம், இவ்வளவு பெரிய விஷயம்.

சோபனா


கான்பூர்
24 மார்ச் 2025

சோபி,

நோன்பு நேரம். பொய் சொல்லக் கூடாது, அதனால் சொல்கிறேன்: "சொந்தம்" என்று படித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மறுபடி படித்ததும் அதைவிடப் பெரிய கல் ஏறியது.

சுத்தம் இல்லை என்றால் டேங்கரைக் கழுவலாம், ஃபில்டர் மாற்றலாம். சொந்தம் இல்லை என்றால் எதைக் கழுவுவது? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உங்கள் ஊரில் தொழில் செய்கிறோம். உன் கணக்கில் நாங்கள் எஜமானர்கள், நீங்கள் அடிமைகள். அப்பாஜான் டீ குடிச்சீங்களா என்று கேட்டது உனக்கு சவுக்குச் சத்தமாகக் கேட்டதா?

கல்யாணத்தில் நின்ற டேங்கர் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், கையில் மருதாணியோடாவது எழுந்து வந்து அனுப்பியிருப்பேன். அது உனக்கே தெரியும். அதனால்தான் அன்றைக்குச் சொல்லவில்லை, இல்லையா? சொன்னால் நான் சரி செய்திருப்பேன், நீ மறுபடி எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

கெட்டவர்களை விட்டுவிட்டு ஒரு நல்ல மனிதரைப் பிடித்துக்கொண்டாய். ஊர் முன்னால் கை தூக்கி அவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். மே முதல் தேதி சபையில் இதை மறுபடி கொண்டுவராதே. நான் கேட்பது இது ஒன்றுதான். கொண்டுவந்தால், இந்த முகவரி எழுதிய அட்டையைக் கிழித்துப் போட்டுவிடு.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். எல்லாரும் நல்லவர்கள். ஒரு குறையும் இல்லை.

ஹீனா


தாமரைக்குட்டை
4 மே 2025

ஹீனா,

கொண்டுவந்தேன்.

அட்டையைக் கிழிக்கவில்லை. நீ இதைப் படிக்காமல் கிழித்தாலும் பரவாயில்லை, நான் பார்த்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. உன்னை இழக்கிறேன் என்று தெரிந்துதான் எழுந்தேன். மே தினம் என்பதால் யூனிட் விடுமுறை, பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் இடமில்லாமல் வெயிலிலும் உட்கார்ந்தார்கள்.

கோதண்டபாணி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி மைக் வாணாம், பேஜார்" என்று அணைத்துவிட்டார். பின்னாலிருந்து ஒருவன், "குடியரசுன்னா குடிக்கிறவங்க ராஜ்ஜியந்தானே தலைவரே?" என்றான். "அதான் காத்தாலயே ராஜா ஆயிட்டு வந்துக்கீறியா?" என்றாள் கோவிந்தம்மாள். நெமிலியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, கழனி வேலை செய்கிறவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

உன் அப்பாவும் வந்திருந்தார். வழக்கம்போல முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நான் தீர்மானத்தைச் சொன்னேன், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக. பிறகு யாராவது பேசுங்கள் என்றேன். எல்லாருடைய கண்ணும் அந்த நாற்காலியில் இருந்தது. அம்மா தலையைக் குனிந்து சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அப்போது உன் அப்பா எழுந்தார். என்னையும் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உன்னையும் அவரையும் ஒரே நாளில் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோவிந்தம்மாள் எழுந்தாள். "சும்மா வர்ற தண்ணிய வுட்டுட்டு வரி கட்டணுமாம். ஒனக்கு இன்னா பைத்தியமா மெம்பரு? அந்த மனுசன் மூஞ்சி வாடிப் போறாரு பாரு" என்று என்னைக் கிழித்தாள். பலர் தலையாட்டினார்கள். வரி கட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அவர்களுக்கு வரி இல்லை, அவர்கள் பங்கையும் ஊரே சேர்ந்து கட்டும் என்று கூட்டத்துக்குள்ளேயே ஒருத்தி சொன்னாள். அதுவும் தீர்மானத்தில் சேர்ந்தது. என் தீர்மானம் என் கண் முன்னாலேயே என்னுடையதாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, ஹீனா. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் அம்மா எழுந்தாள். சபையில் அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

"பாய் வீட்டுக் கல்யாணத்தப்ப தண்ணி வரல. யாராச்சும் கேட்டோமா? நான் அவர்கிட்ட வேலை செய்றேன். சம்பளம் ஒருநாள் லேட்டானா கேக்குறேன், ஏன்னா அது என்து. தண்ணிய கேக்க வாய் வரல. எனக்கு வாய் வரணும், அவ்ளோதான்."

சொல்லிவிட்டு உட்காராமல் கையைத் தூக்கினாள்.

மற்ற கைகள் எழுந்ததை நான் எப்படி எழுதுவது? கைதட்டிப் பழகிய கைகள். தூக்கத் தெரியவில்லை. சில தோள் வரை வந்து நின்றன, மெஷினில் அடுத்த துண்டுக்காக நீட்டுகிற மாதிரி. பக்கத்தில் பார்த்துவிட்டு மேலே போயின. ஒரு கொட்டகை முழுக்க விரல்களில் சாயமும் பசையும் மண்ணுமாகக் கைகள். யாரும் பேசவில்லை. இந்தக் கைகள் நினைத்தால் ஒரு ஊரை ஆள முடியும். இத்தனை நாளும் அவை அங்கேயே, மடிமேல் இருந்திருக்கின்றன.

கோவிந்தம்மாள் கை தூக்கவில்லை. இன்னும் சிலரும் தூக்கவில்லை. தோற்றார்கள். அவள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். "சரி. ஜாஸ்தி பேரு சொல்ட்டீங்க. வரிய எங்க கட்டணும்?" என்றாள்.

ராஜா கிடையாது, போலீஸ் கிடையாது. அவளைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. தோற்ற பிறகு எங்கே கட்டுவது என்று கேட்டாள். குடிமகளின் பண்பைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அது இவ்வளவு எரிச்சலான குரலில் பேசும் என்று யாரும் எழுதவில்லை.

சோபனா


கான்பூர்
22 மே 2025

சோபி,

கிழிக்கத்தான் எடுத்தேன். கவர் கனமாக இருந்தது.

முதலில் ஒன்று. அப்பாஜான் கோபித்துக்கொண்டு போகவில்லை. நானும் அப்படித்தான் நினைத்து, போனில் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். "நிறுத்து" என்றார். என்னிடம் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. "நான் உக்காந்திருந்தா அவங்க கை தூக்க மாட்டாங்க பேட்டா. தூக்கினாலும் என் மூஞ்சப் பாத்துத் தூக்குவாங்க, வாணாம்னாலும் என் மூஞ்சப் பாத்து வாணாம்பாங்க. அந்தப் பொண்ணு சொன்னது அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. எல்லாரும் என்னியே பாத்துக்கினு இருந்தாங்க. நான் யாரு, பாதுஷாவா?"

கேட்டுக்கு வெளியே சுவரோரம் நின்றாராம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. "கைதட்டினா கேக்கும். கை தூக்குனா சத்தமே வராதில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் எனக்குத் தெரியாத ஒருவருடைய குரல் மாதிரி இருந்தது.

சோபி, என் அப்பா நல்லவர் என்று எனக்கு எப்போதும் தெரியும். அவர் கொடுத்ததை எண்ணித்தான் நான் பெருமைப்பட்டேன். எழுந்து வெளியே போவதும் ஒரு கொடை என்று எனக்குத் தெரியாது. நான் அந்தச் சுவரோரம் அவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

இப்போது இதை வேறு யாருக்கும் சொல்லாதே. இந்த வீட்டில் என்னிடம் வாசல் சாவி கிடையாது. எப்போது மணி அடித்தாலும் யாராவது ஓடிவந்து திறப்பார்கள், சிரித்த முகத்தோடு. ஒரு நாளும் என்னை வெளியே நிறுத்தியதில்லை. மார்ச்சில் ஒரு குறையும் இல்லை என்று உனக்கு எழுதினேன், அது பொய்யில்லை. ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு கவனித்தேன்: மணியை அழுத்துவதற்கு முன்னால், திறக்கப் போகும் முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். ஒவ்வொரு தடவையும்.

நேற்று மாமியார் ரஃபத் ஜஹானிடம் சாவி கேட்டேன். "உனக்கு யாராவது கதவைத் திறக்காமல் இருந்தார்களா, பேட்டா?" என்றார். இல்லை என்றேன். "பின்னே எதற்கு?" உன் அம்மா சபையில் சொன்னதை உருதுவில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை. யோசிக்கிறேன் என்றார்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ இவ்வளவு பேச மாட்டாய்.

ஹீனா


தாமரைக்குட்டை
9 நவம்பர் 2025

ஹீனா,

தண்ணீர் வந்துவிட்டது என்று போனில் சொன்னேன், வீடியோவும் அனுப்பினேன். நீ அனுப்பிய சாவியின் படத்தையும் பார்த்தேன். அதைத் தாலிச் சங்கிலி மாதிரிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாயே, மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா?

குழாய் இழுத்து முடிகிற வரை உன் அப்பா டேங்கரை நிறுத்தவில்லை. நவம்பர் முதல் தேதி சபையில் நன்றித் தீர்மானம் இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, கோவிந்தம்மாள் அவர் எதிரே போய் நின்று, "இத்தினி வருசம் எங்க தாகத்த தீத்தீங்க பாய். நல்லா இருக்கணும்" என்றாள். நோட்டில் எழுதாத நன்றி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆனால் உனக்கு எழுத நினைத்தது அதையல்ல. முந்தாநாள் காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் கோளாறு. எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் காலிக் குடங்களோடு பாதி ஊர்.

"இன்னா மெம்பரு, தூங்கினியா? ஊருக்குத் தண்ணி இல்ல, ஒனக்குத் தூக்கம் வருதா?" இது கோவிந்தம்மாள். "வரி கட்டிக்கீறன் நானு. சும்மாவா குடிக்கிறேன்? மத்தியானத்துக்குள்ள தண்ணி வரல, ஒன் வூட்டு வாசல்லதான் அடுப்பு மூட்டுவேன்." அவளுக்குப் பின்னால் இன்னும் பத்து வாய்கள். தலைவரையும் வீட்டிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள், சட்டைகூடப் போடவிடாமல். கூட்டத்தில் என் அம்மாவும் குடத்தோடு நின்றிருந்தாள், என்னை யாரோ போலப் பார்த்துக்கொண்டு.

இவர்கள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டுச் சிரித்தவர்கள். அதே பெண்கள், அதே குடம், அதே இல்லாத தண்ணீர். இப்போது கத்துகிறார்கள். கோவில் வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். "இன்னாடி இது, திட்டுனா முழிக்கிறா" என்றாள் ஒருத்தி.

மெக்கானிக்குக்கு போன் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்தது. உன் அப்பா. அவருடைய யூனிட்டுக்கும் நம் குழாயில்தான் இணைப்பு, வரி கட்டி, வரிசையில் நின்று வாங்கியது. ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார், டேங்கர் அனுப்பட்டுமா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"மெம்பரம்மா, நயீம் பேசுறேன். காத்தாலேந்து எங்க யூனிட்ல தண்ணி வரல. நான் வரி கட்டலியா? இது இன்னா நியாயம்?"

அவர் குரலில் உண்மையான எரிச்சல் இருந்தது, ஹீனா.

சோபனா